நீ காப்பாத்தின முழங்கால்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், நீ அங்கே உடம்பும் மனசும் கெடாம இருக்கணும், அதுதான் எங்க வேண்டுதல். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு, வாய்தான் கட்டுக்குள்ள இல்லை. காயம்பட்டவங்களை ராணுவ ஹெலிகாப்டர் தூக்கிட்டுப் போறதை டிவியில காட்டினா போதும், என் பொண்ணு அங்கேதான் டாக்டர்னு பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டறார். நான் எழுந்து உள்ளே போயிடறேன். ஏன்னு சொல்றேன் கேளு.

போன மாசம் நர்ஸ் டூட்டிக்கு நான் போனப்ப, எங்க பொது ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில ஒரு சிப்பாய் சுருண்டு கிடந்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, கட்டுல சீழ் வாடை. பக்கத்துல அவன் பெண்டாட்டி, மடியில ஒரு ஃபைல். குண்டு வெடிச்ச நாப்பதாவது நிமிஷம் ஆபரேஷன் மேஜையில இருந்தானாம். முழங்காலைக் காப்பாத்தியாச்சு, செயற்கைக் கால் வெச்சு நல்லா நடக்கலாம்னு டாக்டரம்மா கையைப் பிடிச்சுச் சொன்னாங்களாம். ஃபைலைப் பிரிச்சேன். கீழே உன் கையெழுத்து. அதுக்கப்புறம் அவனை ராணுவ வேலையிலிருந்து விடுவிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. புண் பழுத்து ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனா, நீ இப்ப எங்க ஆளில்லை, பொது ஆஸ்பத்திரிக்குப் போன்னாங்களாம். இங்கே வந்தா, இது போர்க்காயம், அங்கேயிருந்து கடிதம் வாங்கிட்டு வான்னு நம்ம ஆளுங்க. பதினோரு நாள் மாத்தி மாத்திப் பந்தாடியிருக்காங்க. எனக்கு வந்த ஆத்திரத்துல, ஊழியர் குடும்பத்துக்குன்னு ஒதுக்கின கட்டில்ல அவனைப் படுக்க வெச்சு, உறவுங்கற இடத்துல மகன்னு எழுதிட்டேன். மறுநாளே ஆபரேஷன். உயிர் தங்கிச்சு, முழங்கால் போச்சு. பொய் எழுதினதுக்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்திருக்கு. அந்தப் பதினோரு நாளுக்கு யாரும் யார்கிட்டயும் விளக்கம் கேட்கலை.

உன்மேல தப்பில்லைன்னு தெரியும், ஆனாலும் உன்மேலயும் கோபம் வருதுடி. ஹெலிகாப்டர் கிளம்பினதும் உன் வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சியா? இனிமே யாரை அனுப்பினாலும், அடுத்து எங்கே போகணும், யாரைக் கூப்பிடணும்னு நீ கையெழுத்துப் போடற தாள்லேயே எழுது. மேலதிகாரி முறைச்சா முறைக்கட்டும். அந்த டாக்டரம்மாவுக்கு நன்றி சொல்லணும், எந்த முகவரிக்கு எழுதறதுன்னு தினமும் கேட்கறான். நான்தான் அவங்க அம்மான்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அவன் புண்ணுக்குக் கட்டு மாத்திட்டு வந்துடறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, கொஞ்சமாவது தூங்கு. உன் கைக்கு ஒரு குறையும் வராம நீ நீடூழி வாழணும். மறக்காம அவனுக்குத் தனியா நாலு வரி எழுது. முழங்கால் போனது உனக்குத் தெரியும்னு எழுது.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கும்,
அம்மா