தவறவிட்ட திங்கட்கிழமை

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

அந்த அடிதடி வழக்கில் சிறைக்கு அனுப்பாமல், திங்கள்தோறும் நன்னடத்தை அதிகாரியிடம் கையெழுத்துப் போடச் சொன்னார்கள் அல்லவா? ஒரு வாரம் தவறிவிட்டது. நிபந்தனையை மீறினேன் என்று நேற்று நீதிமன்றத்தில் நிறுத்திவிட்டார்கள். பயப்படாதே, நல்லபடியாக முடிந்தது.

"ஏன் போகலை?" என்றார் நீதிபதி.

"தப்புதாங்கய்யா. கூட வேலை செய்யறவர் சாரத்துலேருந்து விழுந்துட்டார். ஆஸ்பத்திரியில என் கையை விடவே இல்லை."

அவரே ஊன்றுகோலோடு சாட்சிக்கு வந்தார். "என் பல்லை உடைச்சவன் இவன்தாங்க. அன்னிக்கு என்னைத் தோள்ல தூக்கிட்டு ஓடினவனும் இவன்தான்."

நீதிபதி எச்சரித்து அனுப்பிவிட்டார்.

என் பழைய போர்வையை அனுப்பு. துவைக்க வேண்டாம், வீட்டு வாசனையோடு அப்படியே இருக்கட்டும். மேஸ்திரி கூப்பிடுகிறார், வருகிறேன்.

உன் மகன்