திருப்பி அனுப்பிய பார்சல்

அத்தான்,

உங்கள் தம்பி இன்றும் பரோட்டாப் பார்சலோடு வந்தார். சூடு பட்ட வாழையிலையும் சால்னாவும் வீடு முழுக்க மணத்தன. துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாதென்று நீங்கள் போன அன்று வரத் தொடங்கிய சாப்பாடு, மாதங்கள் ஆகியும் நிற்கவில்லை.

"தகப்பன் இல்லாத பிள்ளை மதினி, வாய்க்கு ருசியாத் திங்கட்டும்" என்பார். பாசம்தான். அந்தப் பாசத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சலாக வருகிறது.

மகளுக்கு வயிற்றுவலி என்று பாளையங்கோட்டையில் ஸ்கேன் எடுத்தோமே, நினைவிருக்கிறதா? பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஈரலில் கொழுப்பு. "பிள்ளைக்கு மட்டும் பத்தியம் வச்சா நடக்காது, வீடே மாறணும்" என்றார் டாக்டரம்மா. "அப்போ எனக்கும் ஒண்ணு எடுத்துப் பாருங்க" என்று விளையாட்டாகப் போய்ப் படுத்தீர்கள். நீங்கள் எழுந்தபோது டாக்டரம்மா முகம் மாறியிருந்தது. மகளுடையது தினம் நடைப்பயிற்சி போனால் சரியாகும். உங்களுடையது அந்தக் கட்டத்தைத் தாண்டியிருந்தது.

அதற்குப் பிறகும் தினம் காலையில் அவளை மைதானத்துக்குக் கூட்டிப் போனீர்கள். வழியில் வடைக்கடை வந்ததும், "ஏட்டி, மூக்கப் பொத்திக்கோ, ஓடிருவோம்" என்பீர்கள். சிரித்தே அவளுக்கு மூச்சு வாங்கும். கால் வீங்கிச் செருப்பு நுழையாத நாட்களில் படியில் உட்கார்ந்து, "பைய நட, ஆனா நிக்காத" என்று குரல் கொடுத்தீர்கள். அடுத்த ஸ்கேனில் அவளுக்குக் கொழுப்பு குறைந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அதைக் கேட்டு அழுதீர்கள்.

அடக்கத்தன்று எனக்குப் பின்னால் ஒரு குரல்: "கோயில்ல பாடுத மனுசன், தெரியாமக் குடிச்சிருப்பாரோ?" ஒரு சொட்டு தொடாத உங்களை. ஈரல் கெட்டால் ஊருக்குக் குடி மட்டும்தான் ஞாபகம் வரும். மறுநாள் அப்படிக் கேட்டவர் வீட்டிலிருந்தே பிரியாணி வந்தது. மகள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். அழுகிற பிள்ளையின் தட்டை யார் பிடுங்குவது?

போன வாரம் திரும்ப ஸ்கேன் எடுத்தோம். அவளுக்குக் கொழுப்பு மறுபடி ஏறியிருக்கிறது. வரும்போது பஸ்ஸில் கேட்டாள், "அப்பாக்கு வந்தது எனக்கும் வருமாம்மா?"

அதனால்தான் இன்று பார்சலை உங்கள் தம்பி கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். "உங்க அண்ணன் குடிச்சுச் சாகல. இப்படித் தின்னு, உக்காந்தே கெடந்துதான் போனாரு. பிள்ளையையும் அங்கன அனுப்பணுமா?" என்றேன். அவர் பார்சலோடு படியிறங்கிப் போனார். இனி வருவாரோ என்னவோ.

நாளைக் காலை அவளோடு நான் போகிறேன். எனக்கு முட்டுவலி, பைய நடப்பேன். உங்கள் தண்ணீர்ப் பாட்டிலைக் கழுவி வைத்திருக்கிறேன். வடைக்கடை வந்தால் உங்களைப் போலச் சொல்ல எனக்கு வாய் வராது. மூக்கை மட்டும் பொத்திக்கொள்வேன். அவளுக்குத் தெரியும்.