வெளுக்கும் கன்னம்

அன்புள்ள அப்பா,

அம்மா என் போனைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறாள். அதனால் இதை வாசல்கதவில் செருகுகிறேன்.

இன்று அழகுநிலையத்தில் கன்னத்தை உப்பவைக்கும் ஃபில்லர் ஊசியும் நிறம் வெளுக்க லேசரும் ஒரே மூச்சில் செய்துகொண்டாள். ஊசி போட்ட இடம் வெள்ளைத் திட்டாகிவிட்டது, சுற்றிலும் நீலம். வலியும் கூடுகிறது. அவளோ கண்ணாடி முன்னால், "வெளுக்குதுடி, லேசர் வேலை செய்யுது!" என்று பூரிக்கிறாள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். ரத்தம் ஓடாவிட்டால்தான் அப்படி வெளுக்குமாம், கன்னமே அழுகிவிடலாமாம். உடனே வரச் சொன்னார்கள். "அப்பாகிட்ட மூச்சு விட்டே, தோலை உரிச்சிடுவேன்!" என்று அம்மா போனைப் பிடுங்கிவிட்டாள்.

பயமாக இருக்கிறது அப்பா. வேலையிலிருந்து வந்ததும் ஷூவைக் கழற்றாமல் அவளைக் கூட்டிப் போங்கள். வழியில் திட்டாதீர்கள். குணமாகி வரட்டும், திட்ட நான் இருக்கிறேன்.

உங்கள்
வாலு