அடைக்காத கரியடுப்பு

அன்பு மகனே,

நீ ஏற்பாடு செய்த எண்ணெய்க் கொதிகலனைப் பொருத்தியபோது வீட்டில் இருந்தவர்கள் நான், குழாய் வேலைக்காரன் ஃபின்டன், பக்கத்து வீட்டு ஆட்ராக்டா, மூன்றே பேர்.

“சாம்பல் அள்ற வேலை போச்சு. இனி நாள் முழுக்க ஜெபம்தான், நீ முழுநேர கன்னியாஸ்திரி!” என்று ஆட்ராக்டா சிரித்தாள்.

ஃபின்டன் கேட்டான்: “இந்தக் கரியடுப்பையும் குழாயோட சேர்த்துடவா, இல்ல அடைச்சிடவாம்மா? ஜூன்ல உங்க மகன் இந்த அடுப்புக்குச் சதுப்பு நிலத்துல மண்கரி வெட்டிக் காயவைக்க வருவாரில்ல?”

“வராம என்ன!” என்றேன். பொய்யாகிவிடுமோ என்று பயந்து, “கேட்டுச் சொல்றேன்” எனத் திருத்திக்கொண்டேன்.

ஆண்டவர் கிருபையால் எல்லா அறைகளும் கதகதப்பாக இருக்கின்றன. ஆளில்லாத உன் அறைக்கு எண்ணெய் வீண் என்றான் ஃபின்டன். அங்கே போகும் சூட்டுக் குழாயை நான் மூடவிடவில்லை.

அடுப்பை அடைப்பதா வேண்டாமா என்று கேட்க வெள்ளிக்கிழமை அவன் மறுபடி வருகிறான். ஜூனில் வருவாயா, மாட்டாயா? சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா