ஜனவரி ஒன்றில் பிறந்த இருவர்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி குறைந்ததா? என் பாப்பாவுக்குச் சளி விட்டதா? எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, கோபம்தான் அடங்கவில்லை.

எங்கள் மருத்துவமனையில் பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு வயதைக் குத்துமதிப்பாகப் போட்டு, ஜனவரி ஒன்று என்று பதிவு செய்வோம். புதிய ஐந்தாண்டுத் தகவல் திட்டத்தில், பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால் இரண்டு பதிவுகளையும் கணினியே ஒன்றாக்கிவிடுகிறது. பதிவறையில் இருக்கும் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேற்று இரண்டு பெரியவர்கள் ஒரே ஆளாகிவிட்டார்கள்! ஒருவருக்கு எழுதிய ஊசியை மற்றவருக்குப் போடப் போக, "ஐயோ, அது எனக்கு ஆகாதும்மா" என்று அவர் கையை இழுத்துக்கொண்டதால் பிழைத்தார்.

கூட்டத்தில் சொன்னேன். திட்ட அதிகாரி சிரிக்கிறார்.

"அதான் ஒண்ணும் ஆகலையேம்மா. அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம்."

"ஆகியிருந்தா எந்தக் கட்டத்துல சார் பாப்பீங்க?"

இன்று என்னிடம்தான் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பயப்படாதே, வேலை போகாது.

பாப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனால், அவளுக்கு எந்த மருந்து ஆகாது என்று நீயே வாய்விட்டுச் சொல். எல்லாம் கணினியில் இருக்கிறது என்பார்கள், அப்போதும் சொல். அவளுக்குச் சொல்லத் தெரியாது, சொல்ல நானும் பக்கத்தில் இல்லை.

விளக்கம் எழுத வேண்டும், நிறுத்துகிறேன்.

உன் மகள்