பின்னட்டையில் ஒட்டிய அம்புகள்

டீச்சர்,

நேற்று அக்கா மகனுக்குக் காதர்பேட்டையில் ஒரு டி-ஷர்ட் வாங்கினேன். செகண்ட்ஸ்தான், ஏற்றுமதிக்கு ஆகாது என்று கழித்தது. இன்று காலை துவைக்க எடுத்தபோது, கைப்பக்கம் உள்ளே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைப் பெண்கள் தையல் விட்ட இடத்தைக் காட்ட ஒட்டுவார்களே, நகத்தளவில், அதேதான். அம்பு காட்டிய இடத்தில் தையல் பிரிந்துதான் இருந்தது. யாரோ பார்த்துக் காட்டியிருக்கிறார்கள், யாரும் தைக்கவில்லை. வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருக்க, எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது.

இறந்துபோனவர் மேல் கோபப்படுவது முறையில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வருகிறது. திட்டினால் பதில் சொல்ல நீங்கள் இல்லை என்பதால் இன்னும் அதிகமாக வருகிறது.

மண்ணரையில் நம் பள்ளி இருந்த காலத்தில்தான் ஊரில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்தது. நம்முடையதைப் பள்ளி என்பதே பெரிய பேச்சு. பனியன் கம்பெனிகளில் கைமடி வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளை, அதாவது டெய்லர் தைத்துத் தள்ளுவதை மடித்து அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை, கொஞ்சம் படிக்கவைத்து அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட வேண்டும். ஓர் ஏற்றுமதி முதலாளியின் அறக்கட்டளை அதை நடத்தியது. ஒரு நீளக் கூடம், நீங்கள், நான். நீங்கள் நாசரேத் பக்கம், நான் சேவூர்க்காரி. உங்கள் ‘வருதீயளா’வும் என் ‘வாரீங்களா’வும் கேட்டுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நீங்கள் நேராகப் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவீர்கள். இளவட்டங்கள் அரட்டை அடிக்க வரும் இடத்தில், வெள்ளைப் புடவையோடு உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டுவீர்கள். பள்ளியைச் சரிசெய்வது எப்படி, பிந்திய பிள்ளைக்கு வாசிக்கக் கற்பிப்பது எப்படி, ஒரு திட்டம் பலன் தருகிறதா என்று அறிவது எப்படி. உலகத்தில் யாராவது இதையெல்லாம் செய்து பார்த்து எழுதி வைத்திருப்பார்கள் என்று அப்படி ஒரு நம்பிக்கை உங்களுக்கு. திங்கட்கிழமை அச்செடுத்த தாள்களோடு வருவீர்கள். மதியம் சோற்று டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு நாம் படிப்போம்; எனக்கு ஆங்கிலம் தடுமாறும், நீங்கள் சொல்லச் சொல்லக் கேட்பேன்.

பாதிக்கு மேல் நமக்கு ஆகாதவை. இரவு தூங்குமுன் பெற்றோர் பிள்ளைக்குக் கதை வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு கையேடு சொன்னது. நம் பிள்ளைகளின் பெற்றோர் ஒண்ணரை ஷிப்ட் முடிந்து வீடு வரும்போது பிள்ளை சுருண்டு தூங்கியிருக்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் சிரிக்கவில்லை. “இவிய ஊர்ல ஒண்ணரை ஷிப்ட் கெடையாது போல” என்று அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தீர்கள்.

எது உதவும், எது உதவாது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். “கடைசிப் பக்கத்துல இருந்து படிங்க டீச்சர். எங்க தோத்தோம்னு ஒரு வரிகூட இல்லன்னா அது ஆராய்ச்சி இல்ல, வெளம்பரம்.”

அப்படித்தான் அந்த மெலிந்த வழிகாட்டி கிடைத்தது. எந்த நாட்டுக்காரர்கள் எழுதியது என்று இப்போது நினைவில்லை. பள்ளிக்கே போகாமல் வளர்ந்த பிள்ளைகளோடு மல்லாடியவர்கள் எழுதியது. வயதைப் பார்க்காதே, பிள்ளை எதை வாசிக்கிறது என்று பார், ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக உட்கார், எங்கே தடுக்குகிறதோ அங்கே குறித்து வை, அதை மட்டும் கற்பி, மறுபடி பார். அவ்வளவுதான். அதன் கடைசியில், தாங்கள் சறுக்கிய இடங்களை வெட்கமில்லாமல் எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு அன்று முழுக்க நீங்கள் தரையில் கால் பாவாமல் நடந்தீர்கள்.

குறிப்பதற்கு அம்பு ஸ்டிக்கர் வைக்கலாம் என்றது உங்கள் யோசனை. செக்கிங்கில் வேலை பார்த்த ஒரு பிள்ளையின் அம்மா கொண்டுவந்து கொடுத்தார். வாசகப் புத்தகத்தில் பிள்ளை தடுக்கும் சொல் பக்கத்தில் ஓர் அம்பு. தடுக்காமல் வாசித்த அன்று, அந்த அம்பைப் பிள்ளையே உரித்து எடுத்துப் பின்னட்டையில் ஒட்டிக்கொள்ளும். முன்பக்கங்கள் வெறுமையாக, பின்னட்டை சிவந்துகொண்டே போகும். முத்துமாரியை நினைத்துப் பார்க்கிறேன். விருதுநகர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். வரும்போது ‘அ’ தெரியாது. ஓர் அம்பை உரிக்க அந்தப் பெண் மூக்கின்மேல் வேர்வை அரும்ப ஒரே வரியை முட்டி முட்டி வாசிப்பாள். உரித்ததும் நகத்தில் ஒட்டிக்கொண்டு கூடம் முழுக்கக் காட்டிவிட்டு வருவாள். அந்த வருடம் ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டியவர்களில் அவளைத்தான் நாம் முதலில் சொல்லி வைத்திருந்தோம்.

அப்போதுதான் முதலாளி, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரோடு பள்ளியைப் பார்க்க வருகிறார் என்றார்கள். இந்த ஊரில் பையர் வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்று சுவருக்கும் தெரியும். முதலுதவிப் பெட்டிக்கு மருந்து வரும், டெய்லர்கள் மூக்கில் மாஸ்க் ஏறும், கழிப்பறையில் சோப்பு முளைக்கும். நான் முந்தின நாளே சொன்னேன். “டீச்சர், நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அந்தப் புத்தகத்தையெல்லாம் பீரோவுல வெச்சுப் பூட்டிரலாமுங்க. அட்டை போட்ட புதுசு நாலு வெளிய வெச்சாப் போதும்.”

“எதுக்கு ஒளிக்கணும்? பிள்ளையள் வளந்ததே அதுலதான இருக்கு?”

“பாக்கறவங்களுக்கு அப்படித் தெரியாதுங்க டீச்சர்.”

“அப்போ நாம சொல்லிக் குடுப்போம்” என்றீர்கள். முதலாளிக்கு!

அவர் வந்தார். நல்ல மனிதர்தான், அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. பையர் அம்மாள் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் முத்துமாரியின் புத்தகத்தைக் கையில் எடுத்து நடுவில் திறந்தார். அந்த மாதம்தான் அவளுக்குக் கடினமான பாடத்தைத் தொடங்கியிருந்தோம். பக்கத்தில் ஆங்காங்கே அம்பு. வாழ்நாள் முழுக்க அம்பைப் பார்த்து பீஸைத் தள்ளிய கண். அது வேறு எதைப் பார்க்கும்?

“ஏனுங்க டீச்சர், இத்தனை அம்பு இருந்தா நாங்க அந்த லாட்டையே அனுப்பமாட்டோமுங்களே” என்றார், சிரித்தபடியே, பையருக்குக் கேட்காத குரலில்.

“சார், பின்னட்டையப் பாருங்க. அதெல்லாம் பிள்ளை தாண்டி வந்தது.”

“பாக்கறனுங்க, பாக்கறனுங்க.” புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார். பின்னட்டை கீழ்ப்பக்கமாக இருந்தது.

அந்தக் கல்வியாண்டோடு பள்ளி மூடப்பட்டது. மேனேஜர் வந்து எவ்வளவு மரியாதையாகச் சொன்னார்! “பெரியவங்களுக்கு ரொம்ப வருத்தமுங்க. இத்தனை ரிஜெக்சனோட நடத்தறதுக்கு நடத்தாமயே இருந்துக்கலாமுங்கறாங்க. தப்பா எடுத்துக்காதீங்க.” கூடம் துணி மூட்டைகளுக்கு குடோனாயிற்று. முத்துமாரியின் வீட்டுக்கு நாம் இருவரும் போனோம். அரசுப் பள்ளியில் நாங்களே சேர்த்துவிடுகிறோம் என்று நீங்கள் மன்றாடினீர்கள். அவள் அம்மா அடுப்பைவிட்டு எழாமலே சொன்னார்: “புள்ளைக்குப் படிப்பு ஏறலைன்னு மொதலாளியே சொல்லிட்டாரு. பெறகு எதுக்கு டீச்சர், அதையும் இதையும் சொல்லிக்கிட்டு?” மறுவாரம் அவள் கைமடிக்குப் போய்விட்டாள்.

நீங்கள் அந்தத் தாள்களைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தீர்கள். வாங்கி வைத்துக்கொண்டவர்கள் உண்டு, படித்தவர் யாரும் இல்லை. பிறகு மஞ்சள் காமாலை வந்தது. கோவை பெரியாஸ்பத்திரியில் பார்க்க வந்தபோது கண்கூட மஞ்சளாகிக் கிடந்தீர்கள். அப்போதும் என்னிடம் கேட்டது, “அந்தப் புள்ள வாசிச்சுக்கிட்டிருக்காளா?” என்றுதான். ஆமாங்க டீச்சர் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

போன மாதம் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். திரையில் படம் காட்டி ஓர் இளைஞர் விளக்கினார்: வயதைப் பார்க்காதீர்கள், பிள்ளை எதை வாசிக்கிறது என்று பாருங்கள், தடுக்கும் இடத்தைக் குறியுங்கள். வழவழ தாளில் கையேடும் கொடுத்தார்கள். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். எங்கே தோற்றோம் என்று ஒரு வரி இல்லை, நன்றியுரை இருந்தது.

முத்துமாரியையும் பார்த்தேன், வீரபாண்டி பஸ் நிறுத்தத்தில். வளர்ந்துவிட்டாள், அவள்தான் என்னை அடையாளம் கண்டாள். “செக்கிங்ல இருக்கேன் டீச்சர். அம்புதான் ஒட்டுறேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “நான் ஒட்டுற பீஸெல்லாம் திரும்பத் தச்சு வந்துருது டீச்சர்” என்றாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். உங்களைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது நான் ஒரு தனியார் பள்ளியில் இருக்கிறேன். அங்கே எல்லாப் பிள்ளைகளும் எப்போதும் நன்றாகவே வாசிப்பதாகத்தான் ஏட்டில் இருக்கும். என் வகுப்பில் மட்டும் தனியாக ஒரு கட்டுப் புத்தகங்கள் உண்டு. அம்பு ஒட்டுகிறேன், உரித்துப் பின்னட்டையில் ஒட்டச் சொல்கிறேன். மேலிடத்திலிருந்து பார்க்க வரும் நாளில், காலையிலேயே அந்தக் கட்டைச் சோற்றுப் பைக்குள் தள்ளி மேசைக்கடியில் காலால் நெருக்கி வைத்துக்கொள்கிறேன். அட்டை போட்ட புதுப் புத்தகங்கள் வெளியே இருக்கும். வந்தவர் புரட்டிப் பார்த்து, வெரி குட் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

நீங்கள் பார்த்தால் திட்டுவீர்கள். திட்டிக்கொள்ளுங்கள் டீச்சர். என் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள்.