ஆள் குடியிருக்கும் வீடு

ஜனவரி 19, ஞாயிறு

காலையில் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கொழுந்தன் பெண்டாட்டி குரல் கொடுக்கிறாள்: "என்னக்கா, கிரைண்டர் சத்தமே வேற மாதிரி இருக்கு. தண்ணி ஊத்தாம அரைக்கீகளா?"

விருதுநகரில் எங்கள் தெரு முழுக்கப் பொதுச்சுவர்தான். முப்பது வருடம் இப்படியே போய்விட்டது. இங்கே தும்மினால் அங்கிருந்து யர்ஹமுகல்லாஹ் வரும். மிளகாய் வத்தல் வியாபாரக் குடும்பம், தும்மலுக்கா பஞ்சம்? அம்மா மவுத்தான அன்று நான் அழுதது மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கிறது. மறுநாள் வந்த பெண்கள், இன்னும் கொஞ்சம் அழுதிருக்கலாமே என்பது போலப் பார்த்தார்கள்.

காரியாபட்டியில் என்னைப் பெற்ற அத்தா எனக்கு எழுதி வைத்த நிலத்தை விற்ற பணம் என் பேரில்தான் இருக்கிறது. அதில் ஒரு தனிவீடு வாங்கப் போகிறேன். நாலு சுவரும் என்னுடையதாக இருக்க வேண்டும். வெளியே இறங்கிச் சுற்றி வந்தால் நாலு பக்கமும் காலில் மண் பட வேண்டும்.

மதியம் சோறு வைக்கும்போது இவரிடம் சொன்னேன். "கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?" என்றார். ஐம்பத்தைந்து வயதில் பிடிக்காமல் பிறகு எப்போது பிடிப்பதாம்?

ஜனவரி 21

இவர் பேசுவதில்லை. நல்லது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏமாந்து போயிருப்பாள்.

ஜனவரி 26, ஞாயிறு

பார்த்துவிட்டேன். எனக்கான வீடு அதுதான்.

மகள் பர்ஹத் மதுரையிலிருந்து வந்து கூட்டிப்போனாள். எம். புதுப்பட்டி தாண்டி ஓடைக்கரைப்பட்டி. சின்ன ஊர். ஊர் தொடங்குவதற்கு முன்னாலேயே இந்த வீடு தனியாக நிற்கிறது. இரண்டு அறை, சமையல்கட்டு, மாடிப்படி வெளியே. பின்னால் வேம்பு. மேற்கே கரிசல் காடு. கிழக்கே கம்பி வேலி, அதற்கு அப்பால் ஒரு பட்டாசுக் கம்பெனி. பட்டாசு செய்கிற செட்டுகள் எங்கோ தூரத்தில் தெரிகின்றன. இந்தப் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனி தெரியாத வீடு எங்கே இருக்கிறது?

விற்கிறவர் சீனிவாசகம், ஓய்வு பெற்ற வாத்தியார். கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போகிறார். "இங்கன பள்ளிவாசல் கெடையாதேம்மா, ஒங்களுக்குத் தோதுப்படுமா?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் குத்தல் இல்லை. "வீட்டுலயே தொழுவேன் சார். கிப்லாத் திசை எங்கிட்டுன்னு தெரிஞ்சாப் போதும்" என்றேன்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "வாங்குனீகன்னா பூட்டி மட்டும் போட்றாதீகம்மா. குடியிருங்க." முப்பது வருடம் வாழ்ந்த வீடு, பாசம் இருக்கத்தானே செய்யும்.

பிப்ரவரி 6

பத்திரம் முடிந்தது. அக்தர் பேகம் என்று என் பேரைச் சத்தமாக வாசித்தார்கள். உடனே பின்னாலேயே "கணவர் பெயர் பீர் முகைதீன்". அதை மட்டும் விடவே மாட்டார்கள். அந்தக் கணவர் வத்தல் மண்டியை விட்டு அசையவில்லை என்பது அவர்களுக்குத் தெரியவா போகிறது!

பிப்ரவரி 14, வெள்ளி

குடி வந்துவிட்டேன். கட்டில், அடுப்பு, தொழுகிற முசல்லா, ஒரு பீரோ. இவர் வரவில்லை. "போயி எத்தன நாளு இருக்கேன்னு பாப்போம்" என்றார். பாருங்க. நல்லாப் பாருங்க.

வந்த உடனே வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினேன். பிறகு ஒரு பாத்திரத்தை வேண்டுமென்றே கீழே போட்டேன். யாரும் என்னவென்று கேட்கவில்லை.

பிப்ரவரி 20

செல்வலட்சுமி வந்தாள். என் வீட்டுக்குப் பின்னால், ஊரின் முதல் வரிசையில் அவள் வீடு. வேலிக்கு அந்தப் பக்கக் கம்பெனியில்தான் வேலை. வந்த நாளிலிருந்து மோர் தருகிறாள், கீரை தருகிறாள். இன்று வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"கோவிச்சுக்கிடாதீகக்கா. இங்கன எம்புட்டு நாளு இருப்பீக?"

"மவுத்தாகுற வரைக்கும்."

அவள் முகம் விழுந்துவிட்டது. பிறகு சொன்னாள். கம்பெனி இந்தப் பக்கம், என் வேலியை ஒட்டி, புதுச் செட்டுகள் போடப் போகிறதாம். பக்கத்தில் ஆள் குடியிருக்கும் வீடு இருந்தால் லைசென்ஸ் கிடைக்காதாம். ஊர் வரிசை அந்தக் கணக்குக்கு வெளியே தள்ளி இருக்கிறதாம், இடையில் நிற்பது என் வீடு மட்டும்தானாம். பூட்டிக் கிடந்தால் கிடைத்துவிடும் என்று கம்பெனியில் பேசிக்கொள்கிறார்கள். "புதுச் செட்டு வந்தா எம்மக பிரீத்திகாவுக்கு ஆபீஸ் வேல தாரேன்னு சொல்லியிருக்காகக்கா. ஊருல நெறையப் பேருக்கு வேல வரும்."

அவள் போனதும் சீனிவாசகத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன். வயசானவர் என்றுகூடப் பார்க்கவில்லை. முழுவதையும் கேட்டுக்கொண்டார். "தெரியும்மா. நான் குடியிருந்தேன், அதனாலதான் அவுக அம்புட்டுத் தள்ளி நிக்காக. வெல கேட்டு எத்தனையோ பேரு வந்தாக. ஒங்களப் பாத்ததும் இவுக நகர மாட்டாகன்னு தோணுச்சு."

இது பாராட்டா, ஏமாற்றா? நல்லா மாட்டிவிட்டாரு மனுசன்.

பிப்ரவரி 21

விடிய விடிய யோசித்தேன். செட்டு என்றால் வெடிமருந்து. இந்தப் பக்கம் மருந்து என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் வீட்டுக்கு அடுத்து செல்வலட்சுமியின் வரிசை. நான் நகர்ந்தால் அவர்கள் பிள்ளைகள் தூங்குகிற இடத்துக்குக் கிட்டத்தில் வந்துவிடும்.

அவளிடம் இதைச் சொன்னேன். "தெரியாமலா இருக்கு? கூலி நீங்க தருவீகளா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஆனாலும் போக மாட்டேன். ஏன் போகணும்? ஆசைப்பட்டு வாங்கின வீடு. இதில் நான் குடியிருக்கிறதே ஒருத்தருக்கு இடைஞ்சல் என்றால், அந்த இடைஞ்சலாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

மார்ச் 2

முதல் நோன்பு. பாங்கு சத்தம் இல்லாத ஊரில் நோன்பு திறப்பது இதுதான் முதல் தடவை. கைப்பேசியை எதிரில் வைத்துக்கொண்டு, பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கஞ்சி காய்ச்சினேன். பத்துப் பேருக்குக் காய்ச்சிய கைக்கு ஒருத்திக்குக் காய்ச்ச வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கம்பெனி முதலாளி மகன் மகேஷ்குமார் வந்தான். காரில், கையில் இனிப்புப் பெட்டியோடு. நோன்பு என்றேன். "சாயங்காலம் சாப்பிடுங்கம்மா" என்று மேஜையில் வைத்தான். மரியாதையான பையன். வீடு வாங்கிய விலையைப் போல் இரண்டு மடங்கு தருகிறானாம்.

"இம்புட்டு வெயில்ல, ஆள் தொண இல்லாத இடத்துல நீங்க எதுக்கும்மா கஷ்டப்படணும்? விருதுநகர்லயே நல்ல வீடாப் பாத்துத் தாரேன்."

"பொதுச்சுவர் இல்லாத வீடாத் தருவீகளா?"

அவனுக்குப் புரியவில்லை. "விக்கிறதுக்கு வாங்கலை தம்பி" என்று எழுந்துவிட்டேன். அவனும் எழுந்தான். போகும்போது, "வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாக்குறேன்" என்றான்.

பத்திரம் என் பேர்ல இருக்கு. அவர்ட்ட என்னடா பேச்சு?

மார்ச் 13

மூன்று நாளாகப் பஞ்சாயத்துக் குழாயில் என் வீட்டுக்கு மட்டும் தண்ணீர் இல்லை. மின்விசிறி பார்க்க வருவதாகச் சொன்ன எலக்ட்ரீசியனுக்குத் திடீரென்று காய்ச்சல். ஆட்டோக்காரர் என்னைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்துக்கொள்கிறார்.

யாரும் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. பேசினால் திருப்பிப் பேசலாம்.

மார்ச் 14

லாரித் தண்ணீர் வாங்கினேன். விசிறி இல்லாமல் மாடியில் படுத்தேன். காற்று நன்றாகத்தான் வருகிறது. மகேஷ்குமாருக்கு நன்றி.

மார்ச் 26

இவர் போன் செய்தார். "பெருநாளைக்கு வந்துருவேல்ல?"

"நீங்க இங்கன வாங்க."

"புத்தியோடதான் பேசுறியா? குடும்பம் பூரா இங்கன இருக்கு."

ஒரு நாள் பூட்டிவிட்டுப் போனால், பூட்டிய கதவைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று சொன்னேன். உனக்குச் சந்தேக வியாதி என்றார். வைத்துவிட்டேன்.

மார்ச் 31, பெருநாள்

பர்ஹத் காலையில் வந்து மதியம் புருஷன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அவளையும் குறை சொல்ல முடியாது. பிரியாணியைச் செல்வலட்சுமி வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

திரும்பி வந்து அழுதேன். நன்றாகச் சத்தம் போட்டு அழுதேன். யாருக்கும் கேட்கவில்லை. இதற்குத்தானே வீடு வாங்கினேன்? ஆனாலும் யாருக்காவது கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. சீ, என்ன மனசு இது.

இவர் வரவே இல்லை. ஒரு பெருநாள். ஒரு மணி நேரம் வந்துட்டுப் போனா என்ன குறைஞ்சிரும்?

ஏப்ரல் 16, புதன்

வரிசையாக எழுதி வைக்கிறேன்.

காலையில் ஜீப் வந்தது. அதிகாரி இறங்கினார். லைசென்ஸுக்காக இடத்தைப் பார்க்க வந்திருக்கிறார். பின்னாலேயே மகேஷ்குமாரின் கார். அதில் முன்கதவைத் திறந்து இறங்கியது என் புருஷன்.

பெருநாளைக்கு வராத மனுசன், அவன் காரில், முன்சீட்டில். இத்தனை வருசம் சோறு போட்டதுக்கு இதுதானா?

மகேஷ்குமார் ஆரம்பித்தான். "இது சும்மா வந்துட்டுப் போற வீடு சார். இவங்க குடும்பம் விருதுநகர்ல."

அதிகாரி என்னைக் கேட்டார். "வீட்டுல யாரும்மா இருக்கீங்க?"

"நான் இருக்கேன்."

"தனியாவா?"

"தனியா இருந்தா ஆள் கணக்குல வர மாட்டேனா சார்?"

அவர் சிரிக்கவில்லை. அடுப்பைப் பார்த்தார், கொடியில் துணியைப் பார்த்தார். மகேஷ்குமார் விடவில்லை. "இவங்க வீட்டுக்காரரையே கூட்டிட்டு வந்திருக்கேன் சார். பெரிய மண்டிக்காரர். அவரே சொல்லட்டும்."

"சொல்லுங்க பாய். உங்க குடும்பம் எங்க இருக்கு?"

இவர் தொப்பியைச் சரி செய்தார். என்னைப் பார்க்கவில்லை. செத்தேன் என்று நினைத்தேன்.

"இங்கனதான் சார் இருக்கோம். நானும் இவளும். மண்டிக்கு இங்கன இருந்துதான் போயிட்டு வாரேன்."

அதிகாரி குடிக்கத் தண்ணீர் கேட்டார். வீட்டு ஆள் என்று காட்ட வேண்டுமே, இவர் சட்டென்று எழுந்தார். சமையல்கட்டு எது என்று தெரியாமல் நேராகப் படுக்கை அறைக்குள் போய்விட்டார். யா அல்லாஹ்! "நீங்க உக்காருங்க, நான் எடுத்தாரேன்" என்று ஓடினேன்.

அதிகாரி தண்ணீரைக் குடித்தார். ஆள் குடியிருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போனார்.

ஏப்ரல் 17

நேற்று இவர் ஊருக்குத் திரும்பவில்லை. பஸ் போய்விட்டது என்றார். கடைசி பஸ் இன்னும் வரவில்லை என்று நான் சொல்லவில்லை.

காலையில் டீ கொடுத்துவிட்டுக் கேட்டேன். "என்னைக் காட்டிக் குடுக்கத்தான வந்தீக?"

"ஆமா. ஒன்னக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். இந்தக் கூத்து முடியட்டும்னு."

"பெறகு?"

டீயை ஆற்றினார். "கார்ல வரும்போது அந்தப் பய, 'அது போயி அங்கன உக்காந்துக்கிட்டு எங்க வேலையக் கெடுக்குது பாய்'ங்கான். என் பெண்டாட்டிய 'அது'ன்னு சொல்ல அவன் யாரு?"

"நீங்க முப்பது வருசமா என்னைய அதுன்னுதான் சொல்றீக. 'அது உள்ள இருக்கு', 'அதுட்டக் கேட்டுச் சொல்றேன்'."

டம்ளரைக் கீழே வைத்தார். "அதான்" என்றார். "அவன் சொல்லும்போதுதான் எப்படி இருக்குன்னு தெரிஞ்சது."

எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்ய?

மாற்றுச் சட்டை வேண்டும் என்றார். எதற்கு என்றேன். "மண்டியில ஒரு வெல சொன்னாச் சொன்னதுதான். ஆபீசர்ட்ட இங்கன இருக்கோம்னு சொல்லிட்டேன். இனிமே வேற பேச்சில்ல."

மே 3

வேலியோரம் புதுச் செட்டுக்கு அடையாளமாக நட்டிருந்த கற்களை இன்று அவர்களே பிடுங்கி லோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். மாடியில் நின்று பார்த்தேன். ஒளிந்து நின்று பார்க்கவில்லை, நன்றாகத் தெரிகிற மாதிரி நின்றுதான் பார்த்தேன்.

பிரீத்திகாவுக்கு அந்த வேலை இல்லை என்றாகிவிட்டது. செல்வலட்சுமி என்னோடு பேசுவதில்லை. அவள் கோபம் நியாயம்தான். இவர் மண்டியில் பில் போட ஆள் தேவை என்றார். போய்ச் சொன்னேன். யோசிக்கிறேன் என்று கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னாள். பஸ் செலவு மண்டியுடையது என்றும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மே 11, ஞாயிறு

இவர் விடிவதற்கு முன்னாலேயே எழுந்து, ரெண்டு பஸ் மாறி மண்டிக்குப் போய் வருகிறார். முதுகு வலிக்கிறது என்று தினமும் புலம்பல். ஒரு நாளாவது "அங்கனயே தங்கிருதேன்" என்று சொல்வார் என்று பார்க்கிறேன். சொல்லவில்லை.

பர்ஹத் போனில் பேசும்போது ஒன்று சொன்னாள். விருதுநகர் வீட்டுச் சாவியைப் போன வாரமே அவள் அத்தா தன் தம்பியிடம் கொடுத்துவிட்டாராம். குடோனாக வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டாராம்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கப் போவதில்லை. முதுகுக்கு வெந்நீர் போட்டு வைத்திருக்கிறேன்.